கலை, மொழி, வரலாறு: ஆய்வைத் தொடங்கப் பணம் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ், வரலாறு, மெய்யியல், நாட்டார் வழக்காற்றியல், இசை, கூத்து என்று படித்துவிட்டு ஆய்வுக்குள் காலெடுத்து வைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய்த்தான் இதைத் தொகுத்தேன். நானும் விண்ணப்பம் போட்டுத் தோற்றவன், சிலவற்றில் ஜெயித்தவன், ஓரிரு முறை மற்றவர்களின் விண்ணப்பங்களை மதிப்பிடும் நாற்காலியில் உட்கார்ந்தவன். அந்த அளவுக்குத்தான் என் அறிவு. தொகைகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கே உள்ளதைப் படித்துவிட்டு அந்த ஆண்டின் அறிவிக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெலோஷிப், கிராண்ட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தாலேயே பாதி விண்ணப்பங்கள் தவறான வாசலில் போய் நிற்கின்றன. ஃபெலோஷிப் உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். பெரும்பாலும் மாதாமாதம் வரும், அதற்கு நீங்கள் பொதுவாக ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். கிராண்ட், அதாவது நல்கை, வேலைக்கு. பயணம், ஒலிப்பதிவு, படியெடுத்தல், தகவல் தருபவர்களுக்கான மதிப்பூதியம் போன்ற செலவுகளுக்கு. அதில் உங்களுக்கென்று ஒரு சிறு பங்கு வைக்க விடுவார்கள், விடாமலும் போவார்கள்.

ஆய்வைத் தொடங்குகிறவருக்கு இரண்டுமே தேவைப்படும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டையும் கேட்காதீர்கள்.

"ஆரம்பக்கட்ட ஆய்வு" என்றால் எது? முனைவர் பட்டத்துக்கு முந்தையதா?

இரண்டு பொருளில் சொல்கிறார்கள். ஒன்று, ஆய்வாளர் புதியவர். மற்றொன்று, ஆய்வே புதியது: பொருள் எங்கே கிடக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதே இன்னும் தெரியாத நிலை. ஐம்பது வயதுப் பேராசிரியரும் இந்த இரண்டாம் வகையில் ஆரம்பக்கட்டத்தில் இருக்கலாம்.

நம் ஆட்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, இன்னும் பார்க்காத பொருளைப் பற்றி முடிவுரை எழுதிவிடுவது. "இவ்வாய்வு இன்னதை நிறுவும்" என்று முதல் பத்தியிலேயே அடித்துச் சொல்வார்கள். நிறுவத் தெரிந்துவிட்டால் பணம் எதற்கு என்று மதிப்பீட்டாளர் கேட்கமாட்டாரா? தொடக்க நல்கை என்பது போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கான பணம். "எனக்கு இது தெரியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும், ஆறு மாதத்தில் இவ்வளவு தெரிந்துகொள்வேன்" என்று சொல்லும் விண்ணப்பத்துக்குத்தான் அது சேரும்.

எனக்கு நல்ல தலைப்பு இருக்கிறது. அது போதாதா?

போதாது. தலைப்பு வேறு, கேள்வி வேறு. "தெருக்கூத்து: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு. அதற்குள் ஒரு மாவட்டமே குடியிருக்கலாம், அவ்வளவு இடம் இருக்கிறது.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களிடம் கையால் எழுதிய நாடக நோட்டுகள் இருக்கின்றன. அதே நாடகங்களில் பல, சென்னையில் மலிவு விலைப் புத்தகங்களாக அச்சாகியும் விற்றன. வாத்தியாரின் நோட்டு புத்தகத்தைப் பார்த்து எழுதியதா, புத்தகம் நோட்டிலிருந்து வந்ததா, இரண்டும் தனித்தனி வழியா? கூத்து நடக்கும் இரவில் எது மேடைக்கு வருகிறது? இது கேள்வி. இதற்குப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர்கள் உண்டு, ஒப்பிட வேண்டிய பிரதிகள் உண்டு, ஆறு மாதத்தில் முடிகிற ஒரு பகுதியும் உண்டு. ஐந்து குழுக்கள், ஒரே ஒரு நாடகம், அதன் எல்லா நோட்டுகளும். எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவுக்கு மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி சரியாக அமைந்தால் கால அட்டவணையும் தானாகவே அமையும். பாரதக் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும். அந்த மாதங்களில் வாத்தியாரை உட்கார வைத்துப் பேட்டி எடுக்க முடியாது. இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் தூங்குவார். பேட்டியை மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்டு, பருவத்தில் கூத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அட்டவணையில் இந்த ஒரு வரி இருந்தாலே, இவர் களத்துக்குப் போனவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஜேஆர்எஃப் எவ்வளவு? யாருக்கு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் மேல்வரிசையில் வருபவர்களுக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், கிடைக்கும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் என்ற கணக்கில் நடக்கும். 2023 ஜனவரி 1 முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, அதன்பின் முதுநிலையாக உயர்ந்ததும் ரூ.42,000. மொத்தம் ஐந்தாண்டுகள்வரை. விடுதி இடம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், பயணம், தட்டச்சு போன்றவற்றுக்கான கன்டின்ஜென்சி, கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.10,000, பிறகு ரூ.20,500. அந்தப் பத்தாயிரத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வந்துபோகும் செலவைக்கூட வெளியூர்க்காரரால் ஈடுகட்ட முடியாது. ஜேஆர்எஃப் கையில் இருந்தாலும் களப்பணிக்குத் தனி நல்கை தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. தமிழ்ப் பாடத்தின் குறியீட்டு எண் 26.

2024-லிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: உதவித்தொகையுடன் சேர்ந்தது, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் சேர்க்கையும் மட்டும், முனைவர் சேர்க்கை மட்டும். "நெட் கிளியர் பண்ணிட்டேன்" என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி இரண்டிலும் பணம் இல்லை.

ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?

பலருக்கும் இங்கேதான் மனம் உடைகிறது. ஆனால் கதவுகள் இருக்கின்றன, சிறிய கதவுகள்.

சமூக அறிவியலோடு ஒட்டிய ஆய்வு என்றால் 1969-இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், ஐசிஎஸ்எஸ்ஆர். அதன் நிதியில் இயங்கும் நிறுவனங்களில் சென்னையின் வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் ஒன்று. அடையாற்றில் இருக்கிறது, 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியது. வரலாறு என்றால் 1972-இல் அமைந்த இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம். முனைவர் ஆய்வுக்கான உதவித்தொகையோடு, ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வரத் தனியாக ஒரு பயண நல்கையும் தருகிறார்கள். தொடக்கநிலை ஆய்வுக்கு அந்தச் சிறு பயண நல்கை ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. மெய்யியலுக்கு இந்திய மெய்யியல் ஆராய்ச்சிக் கழகம். சங்க இலக்கியம், தொல்காப்பியம் முதலான 41 செவ்வியல் நூல்களை ஒட்டிய ஆய்வென்றால் பெரும்பாக்கத்திலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாரதியாரில் ஆய்வு செய்கிறவர் அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

தமிழ்நாடு அரசின் பக்கம், முதலமைச்சர் பெயரிலான ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. தேர்வானவர்களுக்கு மாதம் ரூ.25,000, மூன்றாண்டுகள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோரில் முழுநேர முனைவர் ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தனியாக உண்டு. பெற்றோருக்கு வேறு பிள்ளை இல்லாமல் ஒரே பெண் பிள்ளையாக இருப்பவர்களுக்கு சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் மானியக் குழுவின் உதவித்தொகை இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள். பழைய வழிகாட்டிக் கட்டுரைகளில் இன்னும் அது இருக்கும், நம்பி அலையாதீர்கள்.

ஒரு உதவித்தொகையைப் பெறும்போது இன்னொரு உதவித்தொகையைப் பெறுவதில்லை என்று எல்லா இடத்திலும் உறுதிமொழி கேட்பார்கள். அதில் பொய் சொன்னால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. பள்ளி ஆசிரியர், ஓய்வு நேர ஆய்வாளர். எனக்கு யார் தருவார்கள்?

தமிழில் நல்ல ஆய்வு செய்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். தபால் ஆபீஸ், ரயில்வே, வங்கி என்று வேலை பார்த்துக்கொண்டே சேகரித்தவர்கள். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் வந்தது. அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் சம்பளத்திலும் அதைச் செய்யவில்லை.

உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர், பெங்களூரிலுள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, சுருக்கமாக ஐஎஃப்ஏ. 1993-இல் அன்மோல் வெல்லானி தொடங்கியது. கலை ஆய்வு, கலைப் பயிற்சி, ஆவணக் காப்பகங்கள் என்று தனித்தனித் திட்டங்கள். முனைவர் பட்டம் வேண்டும் என்று கேட்பதில்லை. கேள்வி என்ன, அதை நீங்கள் ஏன் செய்ய வேண்டும் என்பதைத்தான் பார்ப்பார்கள். நிகழ்கலை, காட்சிக்கலை, சினிமா, மக்கள் பண்பாடு எல்லாம் அதற்குள் வரும். ஆனால் கட்டடம் கட்ட, விழா நடத்த என்று போய் நிற்காதீர்கள்.

அடுத்து ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம். 25 முதல் 40 வயதுவரை இளநிலை உதவித்தொகை மாதம் ரூ.10,000, நாற்பதுக்கு மேல் முதுநிலை ரூ.20,000. இரண்டும் இரண்டாண்டுகளுக்கு. கலைஞர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் கூத்து வாத்தியாரே தன் மரபைப் பற்றி ஆய்வு செய்ய வழியுண்டு. அப்படி ஒருவருக்கு விண்ணப்பம் எழுத உதவுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். மாதாமாதம் வராது, தவணையாக வரும், அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த தவணை. அறிவிப்பிலிருந்து முடிவுவரை ஆகும் காலத்தை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், விண்ணப்பித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

புத்தகம் எழுதும் கட்டத்துக்கு வந்துவிட்டால் நியூ இந்தியா ஃபவுண்டேஷன் இருக்கிறது. அது விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பற்றிய நூல்களுக்கு. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அது அடுத்த படி.

எங்கள் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்கள் இருக்கின்றன. இதற்குப் பணம் உண்டா?

உண்டு, அதுவும் ஆரம்பக்கட்டத்துக்கென்றே. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் 2004 முதல் நடந்துவரும் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது, ஆர்கேடியா அறக்கட்டளையின் பணத்தில். அதில் முன்னோட்ட நல்கை என்று ஒரு வகை: அதிகபட்சம் ஓராண்டு, 15,000 பவுண்டுவரை. பொருள் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, உடைமையாளர் சம்மதிப்பாரா என்று கணக்கெடுத்து, மாதிரிக்குக் கொஞ்சம் மின்னாக்கம் செய்வதற்கு. அது நன்றாக முடிந்தால் பெரிய நல்கைக்கு விண்ணப்பிக்கலாம்.

தமிழ்ப் பகுதிக்கு இது புதிதல்ல. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1870 முதல் 1940 வரையிலான கிராம நியாய சபைகளின் ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது இந்தத் திட்டத்தில்தான். பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களும் அப்படி மின்னாக்கம் ஆயின. இலங்கையில் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனமும் இந்த வழியில் ஓலைச்சுவடிகளை மின்னாக்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுப் பொருள்கள், அதாவது ஒலிநாடா, துண்டறிக்கை, புகைப்படம், வீடியோ போன்றவற்றுக்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் இதேபோல் ஒரு திட்டம் 2018-இலிருந்து நடத்துகிறது. திமுக, திக கூட்டங்களின் பேச்சு கேசட்டுகள் யார் வீட்டிலாவது பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கான இடம் இது.

ஊரில் முதலில் எழும் சந்தேகம், "வெள்ளைக்காரன் சுவடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானா?" என்பது. நியாயமான சந்தேகம், முன்னே நடந்ததுதான். இந்தத் திட்டத்தின் விதிப்படி மூலப்பொருள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. மின்படி ஒன்று உள்நாட்டு நிறுவனத்திலும் ஒன்று லண்டனிலும் இருக்கும், யாரும் இணையத்தில் பார்க்கலாம். அந்த "யாரும்" என்ற சொல்லைத்தான் உடைமையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வைத்தியச் சுவடி வைத்திருக்கும் குடும்பங்கள் பல அந்த இடத்தில் பின்வாங்கும். பின்வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அந்த வெளிநாட்டுப் பணத்தை என் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

தனியாளாக நீங்கள் படிப்புக்கான உதவித்தொகை வாங்குவது ஒன்று. ஒரு சங்கமோ அறக்கட்டளையோ திட்டப்பணம் வாங்குவது வேறு. பின்னதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், 2010-இன்கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் முதலில் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

இந்தக் கடைசி விதி சிறிய ஆய்வாளர்களைத்தான் அடித்தது. முன்பெல்லாம் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, ஊர்ப்புறச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். இப்போது அந்தப் பெரிய நிறுவனமே உங்களை நேரடியாகப் பணியில் அமர்த்தினால்தான் உண்டு. எனவே விண்ணப்பம் எழுதும் முன்பே, பதிவு உயிரோடு இருக்கும் ஒரு நிறுவனத்தைத் தேடிப் பேசிவிடுங்கள். கணக்கு நுணுக்கத்துக்குத் தணிக்கையாளரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாமா?

ஐஎஃப்ஏ-வுக்கு எழுதலாம். எந்த இந்திய மொழியிலும் ஏற்கிறார்கள். லண்டன் திட்டத்துக்கு ஆங்கிலம்தான். மேலே சொன்ன டெல்லி ஆராய்ச்சிக் கழகங்களுக்கு ஆங்கிலம் அல்லது இந்தி.

ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதையும் முதலில் தமிழில் எழுதுங்கள் என்பது என் பிடிவாதம். நேரே ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஆட்களுக்கு எங்கிருந்தோ கனமான கோட்பாட்டுச் சொற்கள் வந்து விழுகின்றன, கேள்வி காணாமல் போகிறது. தமிழில் எழுதி, அந்த ஊர்க்காரர் ஒருவருக்கே படித்துக் காட்டிவிட்டுப் பிறகு மொழிபெயர்த்தால் விஷயம் நிற்கும்.

பட்ஜெட் எப்படிப் போடுவது? குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்கிறார்களே?

குறைத்துக் கேட்டால் உங்களுக்குக் களம் தெரியாது என்று பொருள். கூட்டிக் கேட்டாலும் அதே பொருள்தான். மேலே சொன்ன கூத்து நோட்டு ஆய்வையே ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு முறை களப்பயணம், முறைக்கு ஐந்து நாள், ஆக இருபது நாள். தங்கலும் சாப்பாடும் நாளுக்கு ரூ.1,500 என்றால் ரூ.30,000. பஸ், ஆட்டோ நாளுக்கு ரூ.500, அது ரூ.10,000. பத்து வாத்தியார்களுக்கு மதிப்பூதியம் ரூ.3,000 வீதம் ரூ.30,000. இருபது மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க மணிக்கு ரூ.1,000, அது ரூ.20,000. வன்தட்டு இரண்டு, ரூ.12,000. நகல், நூலகக் கட்டணம் ரூ.5,000. தணிக்கையாளருக்கு ரூ.5,000. கூட்டினால் ரூ.1,12,000.

எழுத்தாக்கச் செலவைப் பலர் போடுவதே இல்லை, நானே செய்துகொள்வேன் என்பார்கள். கூத்துப் பாட்டோடு கலந்த பேச்சில் ஒரு மணி நேரத்தை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். இருபது மணி நேரத்துக்கு நூறு மணிக்குமேல். ஆறு மாத ஆய்வில் மூன்று வாரம் அதற்கே போய்விடும். வன்தட்டு ஏன் இரண்டு என்றால், ஒன்று கெட்டுப்போகும். எனக்குக் கெட்டுப்போனது. 2 நாள் பேட்டி போச்சு.

கேமரா வாங்கக் கேட்காதீர்கள், வாடகைக்கு எடுப்பதாக எழுதுங்கள். அரசு நல்கையில் வாங்கிய கருவி பெரும்பாலும் நிறுவனத்தின் இருப்பேட்டில் ஏறிவிடும், உங்களோடு வராது. இன்னொன்று: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் புத்தகத்தைப் பார்க்கச் சென்னைக்குப் பயணச் செலவு போட்டிருந்த விண்ணப்பம் ஒன்று என்னிடம் வந்தது. அதற்குமேல் அந்தப் பட்ஜெட்டை நம்பிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

தகவல் தருபவர்களுக்குப் பணம் கொடுப்பது சரியா?

கொடுக்காமல் இருப்பதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஆடியும் பாடியும் பிழைப்பவரை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து அவர் தொழிலைப் பற்றியே கேட்டு வாங்கிக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து எழுந்து வருவது என்ன நியாயம்? ஆனால் தகவலுக்கு விலை போல் ஆகிவிடக் கூடாது. நேரத்துக்கு மதிப்பூதியம், எல்லாருக்கும் ஒரே அளவு, ரசீதில் கையெழுத்து. சம்மதக் கடிதத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டி, குரலிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அங்கேயே படம் எடுங்கள். இரவல் போய்த் திரும்பாத நோட்டைப் பற்றிய கதை இல்லாத வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

பணம் சொன்ன தேதிக்கு வருமா?

வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஜேஆர்எஃப் பணம் கனரா வங்கி வழியாக வருகிறது. உங்கள் கல்லூரியில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் சரிபார்க்க, மாதாமாதம் இணையத்தில் உறுதிசெய்தால்தான் விடுவிப்பார்கள். மேக்கர், செக்கர் என்பார்கள். அதில் ஒருவர் விடுப்பில் போனால் உங்கள் மாதம் போயிற்று. எங்கள் காலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பாஸ்வேர்டு தெரிந்த எழுத்தர் மாற்றலாகிப் போய், நான்கு மாதம் எட்டுப் பேருக்குப் பணம் நின்றது. அந்த இருவரையும் முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்துப் பழகிவையுங்கள்.

திட்ட நல்கையில் வேறு தலைவலி. இரண்டாம் தவணை பிப்ரவரி கடைசியில் வரும், மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்பார்கள். பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஜிஎஃப்ஆர் 12-ஏ என்ற படிவம். தணிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் அது காகிதம். பஸ் டிக்கெட்டை அன்றன்றே படம் எடுத்துவையுங்கள். அந்த அச்சு வெயிலில் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும், அப்புறம் தணிக்கையாளரிடம் வெள்ளைச் சீட்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் பெரிய ஆளிடம் வாங்குவது நல்லதா?

உங்களைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். துணைவேந்தர் எழுதிய நான்கு வரிப் பொதுக் கடிதத்தைவிட, உங்களோடு களத்துக்கு வந்த உதவிப் பேராசிரியர் எழுதிய ஒரு பக்கம் மேல். கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள், முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதலாமா?

இலக்கணம் திருத்த, ஆங்கிலத்தைச் செப்பனிட, சரி. ஆனால் அது எழுதிய விண்ணப்பங்களில் கூத்து வாத்தியார் தூங்கும் நேரம் இருப்பதில்லை. மேற்கோள் நூல்களைப் பட்டியலிடச் சொல்லி அப்படியே ஒட்டினால் இல்லாத புத்தகம் உள்ளே வந்துவிடும். அதைப் பிடிக்கிற மதிப்பீட்டாளர் அந்தத் துறையில் முப்பது வருடம் இருந்தவர்.

நிராகரித்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை.

பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். சில இடங்களில் எழுதிக் கேட்டால் இரண்டு வரி கிடைக்கும், கேட்டுப் பாருங்கள், கோபமில்லாமல். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தபோது அரசியல், சாதி, சிபாரிசு என்று எல்லாவற்றையும் காரணம் சொன்னேன். அவையும் நம் நாட்டில் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்தபோது, பதினான்கு பக்கத்தில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை.

அதே விண்ணப்பத்தை உறை மாற்றி அடுத்த இடத்துக்கு அனுப்பாதீர்கள். துறை சிறியது. அங்கேயும் அதே மதிப்பீட்டாளரிடமே போய்ச் சேரும். இடைப்பட்ட காலத்தில் சொந்தக் காசில் ஒரே ஒரு களப்பயணம் போய்வாருங்கள். இரண்டு நாள், ஒரு வாத்தியார், ஒரு நோட்டு. அடுத்த விண்ணப்பத்தில் "செய்வேன்" என்ற சொற்களில் சில "செய்தேன்" என்று மாறியிருக்கும்.

எல்லாம் தயார். அனுப்பும் முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் பெயரை. சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால், வங்கியில் தலைப்பெழுத்தே இல்லாமல். டெல்லியிலுள்ள கணினிக்கு இவர்கள் மூன்று பேர். தேர்வாகியும் பணம் ஏறாமல் மாதக்கணக்கில் நிற்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் இருப்பதற்கு இந்தத் தலைப்பெழுத்தே காரணம். விண்ணப்பிக்கும் யோசனை வந்த அன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, பிறகு வங்கிக்குப் போங்கள். அந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டும்.